பெட்ரோல் தீர்ந்தபோது பிறந்த வண்டிகள்

1942 ஏப்ரலில் பர்மாவின் ஐராவதி ஆற்றங்கரையில் ஏனாஞ்சாங் எண்ணெய் வயல்கள் பற்றி எரிந்தன. தீ வைத்தவர்கள் அவற்றை நிர்வகித்துவந்த பிரிட்டிஷார்தான். ஜப்பானியப் படை நெருங்கிவந்தது. கிணறுகளும் தொட்டிகளும் எதிரியின் கையில் சிக்கக் கூடாது என்று பின்வாங்கும்போது தாங்களே அழித்துவிட்டுப் போனார்கள். இந்தியாவுக்கு அதுவரை பெட்ரோலும் மண்ணெண்ணெயும் பெருமளவில் பர்மாவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன. அசாமின் டிக்பாய் கிணறுகள் மட்டும் இத்தனை பெரிய நாட்டுக்குப் போதாது. கிடைத்த எண்ணெயும் முதலில் இராணுவத்துக்குப் போனது. ஏற்கெனவே பங்கீட்டில் இருந்த பெட்ரோல் இன்னும் அருகியது.

அந்தத் தீயின் சூடு மதுரையை வேறு விதமாக எட்டியது. மேலூருக்கும் திருமங்கலத்துக்கும் உசிலம்பட்டிக்கும் போகும் பஸ்கள் எதில் ஓடும்? சந்தைக்கு வர வேண்டிய காய்கறியும் வாழை இலையும், ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய நோயாளியும் எப்படி வருவார்கள்?

மதுரையில் பஸ் என்றாலே டி.வி.எஸ். என்றிருந்த காலம் அது. நிறுவனர் டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1877இல் திருக்குறுங்குடியில் பிறந்தவர். வக்கீல் தொழில், ரயில்வே வேலை, வங்கி வேலை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு 1911இல் மதுரையில் சொந்தத் தொழில் தொடங்கினார். மாட்டு வண்டிகளின் சாலைகளில் மோட்டார் பஸ்ஸை நேரம் தவறாமல் ஓட்டிக்காட்டினார். டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வோம் என்று மதுரை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்த நேர ஒழுங்கு டிரைவரின் கையில் மட்டும் இருந்ததில்லை. பழுதாகும் முன்பே பாகத்தைக் கழற்றிப் பார்த்து மாற்றிவிடும் பட்டறைப் பழக்கத்தில் இருந்தது. பெட்ரோல் அருகியபோது அந்தப் பட்டறைதான் கைகொடுத்தது. கரியிலிருந்து எரிவாயு எடுத்து பஸ்ஸை ஓட்டும் கருவி ஒன்றை அவரது நிறுவனம் வடிவமைத்துத் தயாரித்தது. அதற்கு டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்று பெயர்.

அதே ஆண்டுகளில், மத்தியதரைக் கடலின் ரோட்ஸ் தீவில் இத்தாலிய விமானப் படையின் வாகனங்களை ஓர் இளம் மெக்கானிக் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். உதிரி பாகம் வராது. இருக்கிற இரண்டு வண்டியைப் பிரித்து மூன்றாவதை ஓட்ட வேண்டும். அவர் பெயர் ஃபெருச்சியோ லம்போர்கினி. பின்னாளில் உலகமே அண்ணாந்து பார்த்த விளையாட்டுக் கார்களைச் செய்தவர்.

மதுரைப் பட்டறைக்கும் லம்போர்கினிக்கும் நேரடி உறவு எதுவும் கிடையாது. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை துலங்குகிறது. எரிபொருள் தாராளமாக இருக்கும்போது எஞ்சினை ஓட்டத் தெரிந்தால் போதும். எரிபொருள் இல்லாதபோதுதான் எரிதல் என்றால் என்ன என்பதை மனிதர் கற்றுக்கொள்கிறார்கள். வண்டிகளின் அறிவியல் வளர்ந்தது பெரும்பாலும் அந்தப் பஞ்ச காலங்களில்தான்.

கரி பஸ்ஸின் வேதியியல்

கரி பஸ்ஸைப் பார்த்தவர்கள் முதலில் சொல்வது பின்னால் நின்ற உயரமான இரும்பு உருளையைப் பற்றித்தான். பஸ் கிளம்புவதற்கு வெகுநேரம் முன்பே கிளீனர் வந்துவிடுவார். உருளைக்குள் கரியைக் கொட்டி, அடியில் தீ மூட்டி, பக்கத்தில் இருக்கும் காற்றாடியின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுவார். வியர்வை கொட்டச் சுற்றிய பிறகு குழாயின் வாயில் தீக்குச்சியைக் காட்டினால் வாயு பற்றிக்கொள்ளும். அதன் பிறகுதான் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய முடியும்.

உள்ளே நடப்பது என்ன? கரி என்பது ஏறக்குறைய முழுக்க கார்பன். தாராளமாகக் காற்று கிடைத்தால் அது கார்பன் டை ஆக்சைடாக மாறி, தன் வெப்பத்தை எல்லாம் அங்கேயே கொட்டித் தீர்த்துவிடும். மிஞ்சும் வாயுவில் எரிவதற்கு எதுவும் இருக்காது. கேஸ் பிளாண்டின் சூட்சுமம், காற்றை வேண்டுமென்றே குறைத்து அனுப்புவதில் இருக்கிறது. உருளைக்குள் காற்று நுழையும் இடத்தில் மட்டும் கரி எரிந்து 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் தகிக்கும். அங்கே பிறந்த கார்பன் டை ஆக்சைடு, அடுத்த அடுக்கில் ஆக்சிஜன் கிடைக்காமல் தணலாகக் கிடக்கும் கரியின் ஊடே போகிறது. அந்தக் கரி அதிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணுவைப் பறித்துக்கொள்கிறது. ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடும் ஓர் அணு கார்பனும் சேர்ந்து இரண்டு மூலக்கூறு கார்பன் மோனாக்சைடாகின்றன. கார்பன் மோனாக்சைடு எரியும் வாயு. கரியில் ஈரம் இருந்தால் அந்த நீராவியும் தணலோடு வினைபுரிந்து ஹைட்ரஜனைத் தரும். அதுவும் எரியும்.

இப்படிக் கிடைக்கும் கலவையில் பாதிக்கு மேல் நைட்ரஜன். காற்றோடு உள்ளே வந்து எதிலும் சேராமல் வெளியேறும் வாயு அது. கார்பன் மோனாக்சைடு கால் பங்கு அளவுக்கு இருக்கும். ஹைட்ரஜன் அதைவிடக் குறைவு. ஒரு கனமீட்டர் கரிவாயுவை எரித்தால் சுமார் 5 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். இயற்கை எரிவாயுவில் இதைப் போல ஏழு மடங்கு கிடைக்கும்.

அப்படியானால் கரி பஸ்ஸின் பலம் ஏழில் ஒரு பங்காகத்தானே குறைய வேண்டும்? குறையவில்லை. சிலிண்டருக்குள் எரிபொருள் தனியாகப் போவதில்லை. காற்றோடு கலந்து போகிறது. சத்துள்ள எரிபொருள் எரியக் காற்று நிறைய வேண்டும். சத்துக் குறைந்த கரிவாயுவுக்கு அதன் அளவுக்குச் சமமான காற்றே ஏறக்குறையப் போதும். கடைசியில் சிலிண்டரில் நிரம்பும் கலவையைக் கணக்கிட்டால், பெட்ரோல் கலவையின் ஒரு கனமீட்டரில் சுமார் 3.8 மெகாஜூல், கரிவாயுக் கலவையில் சுமார் 2.5. எஞ்சினின் பலம் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறையும். சமவெளிச் சாலையில் அதை வைத்துச் சமாளித்துவிடலாம். மலைப்பாதையில் ஏற்றம் வந்தால் பஸ் மூச்சு வாங்கும்.

பட்டறையில் இருந்தவர்கள் இதற்கும் வழி கண்டார்கள். கரிவாயு மெதுவாக எரியும். ஆகவே ஸ்பார்க் பிளக்கில் பொறி சற்று முன்கூட்டியே விழும்படி நேரத்தைத் திருத்த வேண்டும். அது எளிதில் தானாக வெடிக்காது. ஆகவே சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவையைவிட அதிகமாக அழுத்தலாம். அழுத்தம் கூடினால் இழந்த பலத்தில் கொஞ்சம் திரும்பும்.

சாம்பல் இன்னொரு எதிரி. வாயுவோடு வரும் நுண்துகள் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையில் புகுந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதிதான். அதனால் வாயுவை வடிகட்ட வேண்டும். குளிர்விக்கவும் வேண்டும், ஏனென்றால் சூடான வாயு விரிந்திருக்கும். விரிந்த வாயு சிலிண்டருக்குள் குறைவாகத்தான் போகும். கரி பஸ்ஸைச் சுற்றி ஓடிய குழாய்களும் பெட்டிகளும் இந்த இரண்டு வேலைக்காகத்தான்.

ஓர் ஆபத்தும் கூடவே இருந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். மூடிய ஷெட்டுக்குள் உருளையைப் பற்றவைத்தால் தலைவலியில் தொடங்கி மரணம் வரை போகலாம். உருளையைத் திறந்த வெளியில் வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும் என்பது ஒவ்வொரு கிளீனரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய உயிர்ப்பாடம்.

இந்த நுட்பம் மதுரைக்கு மட்டும் சொந்தமானதில்லை. அல்சேஸ் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் இம்பர் 1920களிலேயே விறகிலிருந்து வாயு எடுக்கும் வாகன உலையை உருவாக்கியிருந்தார். போர்க்கால ஸ்வீடனில் 70,000க்கும் மேற்பட்ட வண்டிகளும், ஜெர்மனியில் பல லட்சமும் இப்படி ஓடின. இத்தாலியிலும் ஓடின. மதுரைப் பட்டறையின் சாதனை, அந்த வேதியியலை நம் ஊர்க் கரிக்கும் நம் சாலைக்கும் பொருந்தும் இரும்பாக மாற்றியதில் இருக்கிறது.

ஒரு சிறு கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலையைச் செய்ய சுமார் ஒன்றரை கிலோ கரி வேண்டும். லிட்டருக்கு 5 கி.மீ. ஓடும் பஸ் என்று வைத்துக்கொண்டால், மதுரையிலிருந்து திருச்சி வரையிலான சுமார் 135 கி.மீ.க்கு 40 கிலோ கரி, அதாவது ஒரு பெரிய மூட்டை. ஆனால் கரி தானாக விளைவதில்லை. கரிமூட்டத்தில் மரத்தை அடுக்கி மண் பூசி எரித்து ஒரு கிலோ கரி எடுக்க ஐந்து கிலோ மரம் போகும். ஒரு திருச்சிப் பயணத்துக்கு 200 கிலோ மரம். போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் கரி பஸ்கள் ஏன் சட்டென்று மறைந்தன என்பதற்கும், காடுகள் ஏன் தப்பின என்பதற்கும் இந்தக் கணக்கே பதில்.

போ நதிச் சமவெளியின் டிராக்டர்

வட இத்தாலியில் போ நதி பாயும் சமவெளியைப் பார்த்தால் மதுரைக்காரர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. தட்டையான வண்டல் நிலம், வாய்க்கால்கள், வேளாண்மையை நம்பிய சிற்றூர்கள். அந்தச் சமவெளியின் சென்டோ நகரை அடுத்த ரெனாட்சோவில் 1916இல் ஒரு திராட்சை விவசாயக் குடும்பத்தில் ஃபெருச்சியோ லம்போர்கினி பிறந்தார். வயலைவிட வயலில் ஓடிய இயந்திரம் அவரை இழுத்தது. பொலோன்யா அருகே தொழிற்கல்வி கற்று, போரில் ரோட்ஸ் தீவுக்குப் போனார். தீவு பிரிட்டிஷார் கைக்கு வந்ததும் சிறைப்பட்டு, 1946இல் ஊர் திரும்பினார்.

ஊரில் நிலம் இருந்தது, உழ ஆள் இருந்தது, டிராக்டர் இல்லை. போர் விட்டுச்சென்ற இராணுவ லாரிகள் மட்டும் மலைபோலக் குவிந்து கிடந்தன. அவற்றின் எஞ்சின்களையும் கியர்களையும் எடுத்து அவர் டிராக்டர் கட்டினார். ஆனால் மோரிஸ் லாரியிலிருந்து எடுத்த எஞ்சின் பெட்ரோலில் ஓடுவது. போருக்குப் பிந்தைய இத்தாலியில் ஒரு விவசாயியால் பெட்ரோல் ஊற்றி உழ முடியாது.

இங்கே அவர் செய்த காரியம் டி.வி.எஸ். கேஸ் பிளாண்டின் உறவுக்காரன். எஞ்சின் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகும். பிறகு மலிவான கனத்த எண்ணெய்க்கு மாறிக்கொள்ளும். அதற்கான எரிபொருள் தூவி ஒன்றை அவர் பொருத்தினார். கனத்த எண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. திரவமாக எரிய முடியாது. எஞ்சின் சூடேறிய பிறகு அந்தச் சூடும் நுண்துளிகளாகத் தூவும் முறையும் சேர்ந்து எண்ணெயை எரியும் நிலைக்குக் கொண்டுவரும். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டும் பம்புசெட்டைத் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும், அறிவியல் ஒன்றுதான்.

1948இல் லம்போர்கினி டிராக்டர் நிறுவனம் தொடங்கியது. பின்னர் வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய் பர்னர்களையும் அவர் தயாரித்தார். எரிதலைக் கற்றவருக்கு அதுவும் இயல்பான அடுத்த படிதான். டிராக்டரில் கிடைத்த செல்வம் அவரை விளையாட்டுக் கார்கள் வாங்க வைத்தது. தன்னிடம் இருந்த ஃபெராரியின் கிளட்ச் அவருக்குத் திருப்தி தரவில்லை. 1963இல் பொலோன்யாவை அடுத்த சந்த் அகாத்தாவில் சொந்தக் கார் தொழிற்சாலை திறந்தார்.

பன்னிரண்டு சிலிண்டர்கள்

புதிய நிறுவனத்துக்கு ஜியோத்தோ பிட்சாரினி வடிவமைத்துத் தந்தது 12 சிலிண்டர் எஞ்சின். ஏன் 12? நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் கிராங்க் தண்டின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். ஒற்றைச் சிலிண்டர் என்றால் 720 டிகிரிக்கு ஒரு தள்ளல். இடைப்பட்ட நேரம் முழுக்க எஞ்சின் தன் வேகத்தின் பலத்தில் உருள்கிறது, அதனால்தான் அதிர்கிறது. 12 சிலிண்டர் என்றால் 60 டிகிரிக்கு ஒரு தள்ளல். ஒன்று அடங்குமுன் அடுத்தது வந்துவிடும். பிஸ்டன்களும் சிறியவை, எடை குறைந்தவை. சிறிய பிஸ்டனை அதிக வேகத்தில் ஆட்டலாம். நிமிடத்துக்கு எத்தனை முறை வெடிக்கிறதோ அத்தனைக்கு ஏற்ப பலம் கூடும்.

1966இல் ஜெனீவா கண்காட்சியில் மியூரா வந்தது. ஜியான் பாவ்லோ தல்லாராவும் பாவ்லோ ஸ்டான்சானியும் அடிச்சட்டத்தை வகுத்தார்கள். பெர்த்தோனே நிறுவனத்தின் மார்செல்லோ காந்தினி உடலை வரைந்தார். பெயர் ஸ்பெயினில் சண்டைக்காளை வளர்க்கும் புகழ்பெற்ற குடும்பத்தினுடையது. அலங்காநல்லூர், பாலமேடு ஜல்லிக்கட்டு தெரிந்த வாசகருக்கு, காளையின் பரம்பரைக்கு இருக்கும் மதிப்பைச் சொல்லத் தேவையில்லை.

மியூராவில் புதுமை, எஞ்சின் இருந்த இடம். மூக்கிலிருந்து எடுத்து ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், குறுக்குவாட்டில் வைத்தார்கள். இரண்டு குடங்களைக் கையை நீட்டிப் பிடித்தபடி சட்டென்று திரும்பிப் பாருங்கள். பிறகு அவற்றை இடுப்போடு அணைத்துக்கொண்டு திரும்புங்கள். எடை ஒன்றுதான், ஆனால் அச்சுக்கு அருகில் வந்ததும் திரும்புவது எளிதாகிறது. கனமான எஞ்சின் வண்டியின் நடுவுக்கு வந்தபோது மியூராவுக்கு வளைவுகளில் அந்தச் சுலபம் கிடைத்தது.

சுமார் 350 குதிரைத்திறன். மணிக்கு 270 கி.மீ.யைத் தாண்டும் வேகம். அந்த வேகத்துக்கு இயற்கை கேட்கும் விலை கடுமையானது. ஓடும் வண்டியைக் காற்று எதிர்க்கும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதைத் தாண்டத் தேவைப்படும் திறன் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. ஒரே வண்டி 55 கி.மீ. வேகத்தில் போவதற்கும் 275 கி.மீ. வேகத்தில் போவதற்கும் வேகத்தில் வித்தியாசம் ஐந்து மடங்குதான். காற்றைக் கிழிக்க வேண்டிய திறனோ 125 மடங்கு. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றோடு மல்லுக்கட்டச் செலவாகும் ஆற்றல் 25 மடங்கு. எத்தனை அழகாக உடலை வரைந்தாலும் இந்த மடங்குகளை மாற்ற முடியாது. பெட்ரோல் மலிவாக இருக்கும் வரை யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

1973

1973 அக்டோபரில் மேற்காசியாவில் போர் மூண்டது. எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் வரத்தைக் குறைத்து விலையை உயர்த்தின. சில மாதங்களில் ஒரு பீப்பாய் எண்ணெய் சுமார் 3 டாலரிலிருந்து ஏறக்குறைய 12 டாலருக்குப் போனது.

லம்போர்கினி ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தார். பொலிவியாவிலிருந்து வந்த பெரிய டிராக்டர் ஆர்டர் ரத்தானதில் அடிபட்டு, டிராக்டர் தொழிலை சாமே நிறுவனத்துக்கு விற்றார். 1972இல் கார் நிறுவனத்தின் பெரும்பங்கும், 1974இல் மிச்சமும் கைமாறின. அவர் திராட்சைத் தோட்டத்துக்கே திரும்பினார். கார் நிறுவனம் 1978இல் திவாலானது. பிறகு மிம்ரான் சகோதரர்கள், 1987இல் அமெரிக்காவின் கிரைஸ்லர், 1994இல் இந்தோனேசிய முதலீட்டாளர்கள், 1998இல் ஜெர்மனியின் ஔடி என்று கை மாறிக்கொண்டே வந்தது.

விற்ற பிறகு டிராக்டர் பக்கம் ஆட்டம் காணவில்லை. அந்தப் பிரிவை வாங்கிய நிறுவனம் வளர்ந்து இன்று எஸ்.டி.எஃப் குழுமம் ஆகியிருக்கிறது. லம்போர்கினி டிராக்டர் அதன் பெயர்களுள் ஒன்று. அந்தக் குழுமத்தின் தொழிற்சாலை ஒன்று நம் இராணிப்பேட்டையில் இருக்கிறது. எரிபொருள் விலை ஏறினால் வேகத்தை விட்டுவிடலாம். உழவை விட முடியாது.

மதுரையில் எழுபதுகள் வேறு மாற்றத்தோடு தொடங்கின. 1972இல் தமிழக அரசு பஸ் போக்குவரத்தைத் தேசியமயமாக்கியது, டி.வி.எஸ். பஸ்கள் பாண்டியன் ரோட்வேஸ் ஆயின. அறுபது ஆண்டு பஸ் தொழில் முடிந்தது. ஆனால் அதன் வழியே வளர்ந்த பட்டறை அறிவு அதற்குள் சக்கரம், பிரேக், போல்ட்டு, ரப்பர் என்று தனித்தனித் தொழிற்சாலைகளாகப் பிரிந்து வேர்விட்டிருந்தது. வீல்ஸ் இந்தியா, சுந்தரம்-கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் எல்லாம் அறுபதுகளில் பிறந்தவை. மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் டயர் செய்யும் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா மட்டும் பிறகு எண்பதுகளில் வந்தது. ஒரு வண்டிக்கு வேண்டிய பாகங்களில் பெரும்பாலானவை கைவசம் இருந்தன. இனி வண்டியையே செய்ய வேண்டியதுதான் பாக்கி.

ஐம்பது சி.சி.

எப்படிப்பட்ட வண்டி? எண்ணெய் இறக்குமதிக்கு அந்நியச் செலாவணியை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த நாட்டில், சைக்கிள் மிதிக்கும் விவசாயியும் பால்காரரும் வாங்கக்கூடிய வண்டி. 1980இல் சுந்தரம்-கிளேட்டனின் மொபெட் பிரிவு ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வண்டியை வெளியிட்டது. அதற்கு முன்பு வந்த மொபெட்டுகளில் ஒருவர்தான் ஏறிப் போகலாம். இதில் இரண்டு பேர் போகலாம். 50 சி.சி. எஞ்சின், அதாவது ஒரு சிறிய தேநீர்க் கிளாஸ் கொள்ளளவுக்கும் குறைவான இடம். அதற்குள் நடக்கும் வெடிப்புகள் இரண்டு மனிதர்களைச் சுமந்தன.

அதன் ரகசியம் இரண்டு வீச்சு எஞ்சின். இதில் பிஸ்டன் மேலே போகும்போது மேல்பக்கம் கலவையை அழுத்துகிறது; அதே நேரத்தில் அடியில் இருக்கும் கிராங்க் பெட்டிக்குள் அடுத்த கலவை உறிஞ்சப்படுகிறது. வெடித்து பிஸ்டன் கீழே வரும்போது பக்கச்சுவரில் உள்ள துளைகள் திறந்துகொள்ளும். ஒன்றின் வழியே புகை வெளியேறும், மற்றதன் வழியே புதுக் கலவை மேலே ஏறும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. திறந்து மூடும் வால்வுகள் இல்லை, அவற்றை இயக்கும் தண்டும் இல்லை. பாகங்கள் குறைவு, எடை குறைவு, விலை குறைவு. கிராமத்து மெக்கானிக் ஒரு மரத்தடியில் சாக்கை விரித்து முழு எஞ்சினையும் பிரித்து மாட்டிவிடுவார்.

குறையும் அதிலேயே இருந்தது. புகை வெளியேறும் துளையும் புதுக் கலவை நுழையும் துளையும் சற்று நேரம் ஒருசேரத் திறந்திருக்கும். புதுக் கலவையில் ஒரு பங்கு எரியாமலே தப்பிவிடும். கிராங்க் பெட்டி வழியே கலவை போவதால் அங்கே மசகு எண்ணெயைத் தேக்கி வைக்க முடியாது. பெட்ரோலிலேயே கலக்க வேண்டும். அந்த எண்ணெய் எரிந்து நீலப் புகையாகும். பெட்ரோல் பங்க்கில் ஆயில் கலந்த பெட்ரோலுக்கென்று தனி பம்பு இருந்த காலத்தை நினைவு வைத்திருப்பவர்கள் இந்த அறிவியலோடுதான் வரிசையில் நின்றிருந்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது இரண்டு வீச்சு எஞ்சின் ஒதுங்க வேண்டியதாயிற்று. 2015இல் நான்கு வீச்சு எஞ்சினோடு டி.வி.எஸ்.ஸின் எக்ஸ்.எல். 100 மொபெட் வந்தது.

மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு விடியும் முன்னே மல்லிகை மூட்டை வருவதும், சோழவந்தான் வயலிலிருந்து வாழைத்தார் வருவதும் எக்ஸ்.எல்.லில்தான். சுமார் 4 குதிரைத்திறன். மியூராவோடு ஒப்பிட்டால் எண்பதில் ஒரு பங்குக்கும் சற்றே குறைவு. ஆனால் வேகத்தின் மும்மடிக் கணக்கு இந்த வண்டியின் பக்கம் நிற்கிறது. 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியைக் காற்று பெரிதாகத் தடுப்பதில்லை. பெட்ரோலில் கிடைக்கும் பலம் சுமையை இழுக்கப் போகிறது. மெதுவாகப் போகச் சம்மதித்தால், மிகச் சிறிய எஞ்சின் ஒரு குடும்பத்தின் பிழைப்பையே சுமக்கும் என்பதை இந்தச் சமவெளி தினமும் நிரூபிக்கிறது. என் பார்வையில் இது மியூராவுக்குச் சற்றும் குறையாத பொறியியல் வெற்றி. ஒன்று இயற்பியலின் எல்லை எவ்வளவு தூரம் என்று பார்த்தது. மற்றது அந்த எல்லைக்கு உள்ளே எத்தனை பேருக்கு இடமிருக்கிறது என்று பார்த்தது.

அதே டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் 2020 ஏப்ரலில் 1.6 கோடி பவுண்டுக்கு பிரிட்டனின் நார்ட்டன் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தை வாங்கியது. 1898இல் தொடங்கி, 1907இல் நடந்த முதல் ஐல் ஆஃப் மேன் பந்தயத்திலேயே வென்ற பெயர் அது. மதுரைப் பட்டறையின் வாரிசுகள் இப்போது வேகத்தின் பக்கமும் வந்திருக்கிறார்கள்.

அடுத்த பஞ்சம்

இன்று இரண்டு பக்கமும் மின்சாரத்துக்கு நகர்கின்றன. 2020 ஜனவரியில் டி.வி.எஸ்.ஸின் ஐகியூப் மின் ஸ்கூட்டர் வந்தது. 2023இல் லம்போர்கினியின் ரெவுவெல்டோ, 12 சிலிண்டர் எஞ்சினோடு மூன்று மின்மோட்டார்களையும் சேர்த்துக்கொண்டு ஆயிரம் குதிரைத்திறனை எட்டியது. காரணம் எளிது. பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் முக்கால் பங்கை வெப்பமாகக் காற்றில் விட்டுவிடுகிறது. மின்மோட்டார் பெற்ற மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குச் சக்கரத்துக்குத் தருகிறது.

ஆனால் பஞ்சம் முடிந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. மின்வண்டிகளின் மோட்டார்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே நியோடிமியம் என்ற அருமண் தனிமம் கலந்த நிலைக்காந்தம் இருக்கிறது. சிறிய இடத்தில் வலுவான காந்தப்புலம் தருவதால் மோட்டாரின் எடை குறைகிறது. உலகில் இந்தக் காந்தங்களில் பெரும்பங்கை சீனா தயாரிக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா சில அருமண் தனிமங்களுக்கும் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்ததும் இந்திய மின்வண்டித் தயாரிப்பாளர்களுக்கு உற்பத்தி நெருக்கடி வந்தது. இது நம் தலைமுறையின் ஏனாஞ்சாங்.

கரி பஸ் இங்கே நமக்கு ஒரு வழிகாட்டி. அருமண் இல்லாத ஃபெரைட் காந்தம் வெகுவாக வலுக் குறைந்தது. மோட்டார் பெரிதாகும். காந்தமே இல்லாமல், இரும்பு தன்னைக் காந்தப்புலத்துக்கு நேராக்கிக்கொள்ளும் இயல்பை மட்டும் நம்பிச் சுழலும் ரிலக்டன்ஸ் மோட்டாரும் உண்டு. அதைக் கட்டுப்படுத்தும் மின்னணுச் சுற்றில் கூடுதல் சாமர்த்தியம் வேண்டும். கிடைக்காத பொருளின் இடத்தில் அறிவை வைப்பதுதான் கரி பஸ்ஸிலும் இந்த மோட்டார்களிலும் நடப்பது. டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் பெட்ரோலின் இடத்தில் வேதியியலை வைத்தது, லம்போர்கினியின் தூவி வெப்பவியலை வைத்தது, டி.வி.எஸ். 50 எளிமையை வைத்தது.

அப்படி வைக்கத் தெரிந்தவர்கள் எவரும் வெறும் புத்தகத்தோடு வந்தவர்கள் இல்லை. பழுதான வண்டியைக் கையால் பிரித்துப் பார்த்தவர்கள்; பழுதானதன் காரணத்தைக் கேட்டவர்கள். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒர்க்ஷாப்புகளில் எண்ணெய்க் கறை படிந்த கையோடு வேலை பார்க்கும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் ஐ.டி.ஐ.களும் அதே ஊர்களில்தான் இருக்கின்றன. இந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்க்காமல் இருப்பது நம் பெரிய இழப்பு. ஸ்பேனர் பிடித்தவருக்குக் காந்தப்புலத்தின் கணக்கும், கணக்குப் போடுபவருக்கு ஸ்பேனரும் கிடைக்க வேண்டும். காந்தமில்லாத மோட்டாரை நம் சாலைக்கும் நம் வெயிலுக்கும் பொருந்தச் செய்யும் வேலை அப்போது இங்கேயே நடக்கும். போ நதிக் கரையில் ஒரு விவசாயி மகனுக்கும், வைகைக் கரையில் ஒரு பஸ் பட்டறைக்கும் அது முடிந்திருக்கிறது.